சாக்ஸபோன் வாசித்துப் பிழைக்க முடியுமா? கோலாலம்பூர், பினாங்கு வாசிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாக்ஸபோனை மட்டும் நம்பி வாழ முடியுமா?

முடியும். ஆனால் ஜாஸ் மேடையை மட்டும் நம்பி அல்ல. இங்கே முழுநேரமாக வாசிப்பவர் வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து, நடுவே ஸ்டூடியோவில் இரண்டு பாட்டு, மாதம் ஒருமுறை தனக்குப் பிடித்த ஜாஸ். இந்தக் கலவையில்தான் வண்டி ஓடுகிறது. போலீஸ் பேண்ட், இராணுவ பேண்ட் மாதிரி மாதச் சம்பளம் வரும் இடங்களும் உண்டு. அங்கே அணிவகுப்புக்கும் நோட்டு வாசிப்புக்கும்தான் முதல் மதிப்பு, சோலோவுக்கு அல்ல.

ஆல்ட்டோவா, டெனரா? எதில் தொடங்குவது?

ஆல்ட்டோ. டெனரைவிடச் சிறிய சாக்ஸ் அது, விரலுக்கும் மூச்சுக்கும் இலகு, பள்ளிப் பிள்ளைகள் தூக்கவும் முடியும். வேலை என்று வரும்போது இரண்டும் வேண்டும். நம் பாட்டுகளுக்கும் விருந்துகளுக்கும் ஆல்ட்டோவையும் சொப்ரானோவையும் கேட்பார்கள். ஜாஸ் குழுவிலும், காற்று வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் ஹார்ன் செக்‌ஷனிலும் டெனருக்குத்தான் தேவை அதிகம். மூன்றாவது சாக்ஸ் வாங்கும் காசில் புல்லாங்குழல் வாங்குவது புத்திசாலித்தனம். மேற்கத்திய வெள்ளிக் குழலும் கிளாரினெட்டும் வாசிக்கத் தெரிந்தவரைத்தான் இசை நாடகங்களுக்கும் சொகுசுக் கப்பல் பேண்டுகளுக்கும் முதலில் கூப்பிடுகிறார்கள்.

பழைய வாத்தியம் வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

வாங்கலாம். யமஹா 280 வரிசை கற்பவர்களுக்கானது, 62 வரிசை தொழிலுக்குப் போதுமானது. தைவானில் தைச்சுங் பக்கம் ஹோலியில் செய்யப்படும் சாக்ஸுகளிலும் நல்லவை உண்டு. 1954இல் வெளிவந்த செல்மர் மார்க் சிக்ஸ் என்ற பெயருக்காகவே கடன் வாங்கிப் பணம் கொட்டாதீர்கள். அதே தொகையில் ஒரு நல்ல ஆல்ட்டோ, ஒரு நல்ல டெனர், ஒரு மைக் மூன்றும் வந்துவிடும்.

மினுமினுப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், லேக்கர் (மேல்பூச்சு) உரிந்திருப்பது ஒரு குறையே இல்லை. கழுத்துக் குழாயைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: வளைவின் அடிப்பக்கம் தட்டையாகவோ, குறுக்குவெட்டு முட்டை வடிவமாகவோ தெரிந்தால் யாரோ அழுத்தி வளைத்திருக்கிறார்கள், சுருதி தறிகெட்டுப் போகும். அடுத்து, கீழ் பி ஃபிளாட்டை மெதுவாக ஊதுங்கள். சத்தமாக ஊதினால் எந்த ஓட்டை சாக்ஸும் பேசும். மெதுவாக ஊதும்போது பேசினால்தான் காற்று கசியவில்லை என்று அர்த்தம். துளைகளை மூடும் பேடுகளை நகத்தால் லேசாகத் தொடுங்கள், அட்டைபோல விறைத்திருந்தால் மொத்தமாக மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கர்நாடக இசை தெரியும். ஜாஸுக்கு உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும். ஸ்கேல்கள் உங்களுக்குப் புதிதல்ல. ஜாஸில் டோரியன் என்பது நம் கரஹரப்ரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, லிடியன் கல்யாணி, மெலோடிக் மைனரின் ஏறுவரிசை கௌரிமனோகரி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. ஜாஸ்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் லிடியன் டாமினன்ட் வேறொன்றுமில்லை, வாசஸ்பதிதான்.

இடைஞ்சல் ஆதார ஷட்ஜத்தில் இருக்கிறது. தம்பூரா போட்டு வளர்ந்த காது ஒரே 'ஸ'வைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜாஸில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற மூன்று கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரங்கள் முழுக்க சி சங்கராபரணத்தினுடையவைதான். ஆனால் முதல் கோர்டில் டியை ஷட்ஜமாக்கினால் கரஹரப்ரியா, அடுத்ததில் ஜியிலிருந்து ஹரிகாம்போஜி, கடைசியில் சியில் வீடு திரும்புகிறோம். நமக்குத் தெரிந்த கிரகபேதம்தான், ஒவ்வொரு பாருக்கும் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) ஒருமுறை நடக்கிறது. ஆகவே ஸ்கேலை ஓட்டிப் பழகாதீர்கள். ஒவ்வொரு கோர்டிலும் அதன் காந்தாரத்தில் போய் இறங்கிப் பழகுங்கள்: டி மைனரில் எஃப், ஜி 7இல் பி, சியில் ஈ. இந்த மூன்றையும் சரியான தட்டில் வைத்தால், உடன் யாரும் வாசிக்காதபோதே கோர்டு மாறுவது கேட்பவருக்குத் தெரியும்.

ஸ்விங் தாளத்தைத் திஸ்ரத்தில் புரிந்துகொள்ளலாம்: 'தகிட'வில் முதல் இரண்டையும் சேர்த்து நீட்டி மூன்றாவதைச் சிறிதாக விடுவது. ஆனால் வேகம் கூடக் கூட இரண்டும் சமமாக நெருங்கும். வேகமான பாட்டிலும் திஸ்ரத்தை விடாப்பிடியாகப் பிடித்தால் நொண்டி நடப்பதுபோல் கேட்கும். கமகத்தை அடக்கி வையுங்கள். கத்ரி கோபால்நாத் ஆல்ட்டோவில் கமகத்தைக் கொண்டுவந்தது பெரிய சாதனைதான், ஆனால் நான்கு பேர் கொண்ட ஹார்ன் செக்‌ஷனில் ஒருவர் மட்டும் ஸ்வரத்தை அசைத்தால் மற்ற மூவரும் சுருதி தப்பியதாகவே தோன்றும்.

பாடகர் 'நாலரைக் கட்டை' என்கிறார். நான் எதில் வாசிக்க வேண்டும்?

தமிழ் மேடைகளில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. அரைக் கட்டைகள் இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள். ஆல்ட்டோ ஈ ஃபிளாட் வாத்தியம், டெனர் பி ஃபிளாட் வாத்தியம். பியானோவின் ஸ்வரத்திலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே எண்ணினால் ஆல்ட்டோவின் விரல், இரண்டு அரைச்சுரம் மேலே எண்ணினால் டெனரின் விரல்.

அப்படியானால்: ஒரு கட்டைக்கு ஆல்ட்டோ ஏ, டெனர் டி. இரண்டுக்கு பி, ஈ. நான்குக்கு டி, ஜி. நாலரைக்கு ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட். ஐந்துக்கு ஈ, ஏ. ஐந்தரைக்கு எஃப், பி ஃபிளாட். ஆறுக்கு எஃப் ஷார்ப், பி. ஆறரைக்கு ஜி, சி. மனப்பாடம் செய்துவிடுங்கள். மேடையில் கணக்குப் போட நேரம் இருக்காது.

இரண்டு கண்ணிகள் உண்டு. கட்டை என்பது ஷட்ஜத்தை மட்டும் சொல்கிறது. ஐந்து கட்டையில் மைனர் பாட்டு என்றால் ஜி மைனர். கிட்டார்காரர் அதையே 'பி ஃபிளாட்' என்று எழுதி வைத்திருக்கலாம். இரண்டாவது கண்ணி கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தான். பாடகருக்குத் தொண்டை சரியில்லை, "அரைக் கட்டை இறக்கு தம்பி" என்கிறார். கீபோர்டுகாரர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுப் பழைய விரலிலேயே வாசிக்கிறார். நீங்கள் "என்ன ஸ்கேல்?" என்று கேட்டால் "ஜிதான் அண்ணே" என்பார். அவர் விரல் ஜியில்தான் இருக்கிறது, ஸ்பீக்கரில் வருவதோ எஃப் ஷார்ப். எனவே "ட்ரான்ஸ்போஸ் போட்டிருக்கா?" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே படிக்கலாம்?

கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற தேசியக் கலை அகாடமி, யுசிஎஸ்ஐ பல்கலைக்கழகம், ஐகோம் இசைக் கல்லூரி போன்ற இடங்களில் இசைப் படிப்பு உண்டு. ஷா ஆலாமில் யுஐடிஎம் பல்கலைக்கழகம். ஜாஸ் சாக்ஸபோனுக்கென்று பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் தேர்வும் இருக்கிறது. சான்றிதழ் ஆசிரியர் வேலைக்கு உதவும். மேடைக்கோ ஸ்டூடியோவுக்கோ அதை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

ஜாஸ் வாசிப்பவர்களை எங்கே பார்க்கலாம்? ஜாம் செஷனில் எப்படி நடந்துகொள்வது?

கோலாலம்பூரில் ஜாலான் மெசுயிலுள்ள நோ பிளாக் டை என்ற ஜாஸ் அரங்கு 1998இல் தொடங்கியது. போகும் முன் அந்த வார நிகழ்ச்சிகளைப் பாருங்கள். பினாங்கில் பத்து பெரிங்கியில் 2004இல் தொடங்கிய ஜாஸ் விழாதான் அத்தீவை வெளியூர்க் கலைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது. பினாங்கு ஜாஸ் அதற்கும் வெகு முன்பே இருந்தது: ஜாஸ் கலைஞர் ஜிம்மி பாய்ல் அந்த ஊர்க்காரர். நம்மவர்களும் தள்ளி நின்றதில்லை. ஆசியாபீட் குழுவைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் ஓர் எடுத்துக்காட்டு.

ஜாம் செஷனுக்குப் போனால் முதல் வாரம் உட்கார்ந்து கேளுங்கள். பாட்டின் பெயர், ஸ்கேல், வேகம் மூன்றையும் சொல்லத் தெரிந்த பிறகு மேடையேறுங்கள். இரண்டு சுற்று சோலோ போதும். மற்றவர் சோலோவின்போது பின்னால் ஊதிக்கொண்டே இருப்பதுபோல் எரிச்சலூட்டுவது வேறில்லை. கைப்பேசியில் நோட்டு பார்த்து வாசிப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனாலும் ஒரு பன்னிரண்டு பார் ப்ளூஸும் பத்துப் பாட்டும் மனப்பாடமாக இருந்தால்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

ஸ்டூடியோவுக்கு முதல் அழைப்பு வந்திருக்கிறது. என்ன தயாரிப்பு?

அழைத்தவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: எந்த சாக்ஸ், பாட்டின் வேகம், உண்மையான ஸ்கேல், நோட்டு எழுதியிருக்கிறதா அல்லது நாமே போட வேண்டுமா. முந்தைய நாளே கச்சாப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

பையில்: ஏற்கெனவே வாசித்துப் பழக்கிய ரீடு, அதாவது வாயில் வைக்கும் மௌத்பீஸில் கட்டும் நாணல் பட்டை, மூன்று (புது ரீட் வேண்டவே வேண்டாம்), பென்சில், காதை முழுக்க மூடும் ஹெட்போன், அதற்குப் பெரிய ஜாக் மாற்றி, சிறிய திருப்புளி, துடைக்கும் துணி, தண்ணீர். பட்டன் இல்லாத மென்மையான சட்டை போடுங்கள். கழுத்துப் பட்டையின் கொக்கி வளையத்தில் உரசி 'டிக்' என்று ஒலிக்கும். மேடையில் யாருக்கும் கேட்காத அது மைக்கில் ஒவ்வொரு மூச்சுக்கும் கேட்கும். கொக்கியில் கொஞ்சம் துணிப் பிளாஸ்டர் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

அரை மணி நேரம் முன்னதாகப் போய் ஊதிச் சூடேற்றுங்கள். மைக்கை சாக்ஸின் முனையில் விரிந்திருக்கும் புனலுக்குள் (பெல்) நீட்ட விடாதீர்கள். சாக்ஸின் பெரும்பாலான ஸ்வரங்கள் திறந்திருக்கும் துளைகளிலிருந்துதான் வெளிவருகின்றன. மிகக் கீழ் ஸ்வரங்களுக்கு மட்டுமே புனலுக்குப் பெரிய பங்கு. புனலில் மைக் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் வெடிக்கும், மேல் ஸ்வரங்கள் மெலியும். வாத்தியத்தின் நடுப்பகுதியைப் பார்த்து 30 முதல் 45 செண்டிமீட்டர் தள்ளி வைப்பது பாதுகாப்பான தொடக்கம். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் குறைவாக வையுங்கள். ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றி வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்து ஒலியை நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கிளிக் மைக்கில் கசியும்.

பாடகர் பாடும் இடத்தில் வாயை மூடிக்கொண்டிருங்கள். வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடம்தான் உங்கள் இடம். முதல் டேக்கைக் குறைவாக வாசியுங்கள். 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்கப்படுவது 'கொஞ்சம் குறைங்க' என்று கேட்கப்படுவதைவிட நல்லது. ஒருவரே பல அடுக்கு வாசித்து செக்‌ஷன் அமைப்பதானால் மேல் வரியை முதலில் பதிவு செய்து, மற்றவற்றின் மூச்சையும் முடிவையும் அதற்குப் பொருத்துங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் மைக்கிலிருந்து ஓரடி நகர்ந்து நின்றால் ஒரே ஆளின் நகல்போல் கேட்காது.

வீட்டில் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 அனுப்பாதீர்கள். எதிரொலி எதையும் சேர்க்காதீர்கள், அது கலவை செய்பவரின் வேலை. அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். எங்கே வாசித்திருந்தாலும் கோப்பு பாட்டின் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும். அங்கே இழுத்துப் போட்டதும் தானாகப் பொருந்தும். கோப்பின் பெயரில் பாட்டு, வேகம், வாத்தியம், டேக் எண். இரண்டு டேக் அனுப்புங்கள். பத்து அனுப்பினால் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டியதாகும்.

துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நிற்காமல், அதைப் பார்த்து ஊதுங்கள். ஏசியையும் காற்றாடியையும் நிறுத்துங்கள். மாலை மழை தகரக் கூரையில் இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது, ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஹோட்டலில் ஏசி போட்டதும் சுருதி இறங்குகிறது. வாத்தியக் கோளாறா?

இல்லை, காற்றின் குணம். வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் குழாயின் சுருதி ஏறத்தாழ 3 செண்ட் (ஓர் அரைச்சுரம் நூறு செண்ட்) இறங்கும். வெளியே 32 டிகிரி, உள்ளே 20 என்றால் கணக்குப்படி 36 செண்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நீங்கள் ஊதும் சூடான மூச்சு அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனால் இரண்டு பாட்டு சும்மா நின்றுவிட்டு ஊதினால் முதல் ஸ்வரம் இறங்கித்தான் வரும். கீபோர்டு அசையாமல் இருப்பதால் குற்றவாளி நீங்கள் மட்டும்தான் என்று சபைக்குத் தெரியும்.

இருபது நிமிடம் முன்பே வாத்தியத்தை அரங்குக்குள் கொண்டு போங்கள். உங்கள் முறை வரும் முன் எல்லாச் சாவிகளையும் மூடி, ஒலி எழாமல் சூடான காற்றை உள்ளே விடுங்கள். மௌத்பீஸை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். மௌத்பீஸ் செருகும் கழுத்துக் குழாயின் கார்க்கில் பென்சிலால் இரண்டு கோடு, 'வெளி', 'ஏசி' என்று போட்டு வைத்தால் இருட்டிலும் தடுமாற வேண்டியதில்லை. திரும்பும்போது குளிர்ந்த சாக்ஸை அப்படியே வெளியே திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நம்மூர் ஈரக்காற்று பட்டதும் வியர்த்து, பேடுகளை நனைத்துவிடும்.

ஜி ஷார்ப் சாவி ஒட்டிக்கொள்கிறது. கீழ் ஸ்வரங்கள் குமிழியிடுகின்றன.

ஜி ஷார்ப் பேடு சும்மா இருக்கும்போது மூடியே கிடக்கும். சாவியை அழுத்தினால் அது தன் மெல்லிய ஸ்பிரிங்கின் பலத்தில் மட்டுமே எழ வேண்டும். தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) குடித்துவிட்டு ஊதினால் சர்க்கரை எச்சிலோடு போய் அங்கே பசையாகிறது. மெல்லிய, உறிஞ்சும் தாளைப் பேடுக்கு அடியில் வைத்து லேசாக மூடி எடுங்கள். பிசுக்கு போகாவிட்டால் தாளில் லைட்டர் திரவம் ஒரு சொட்டு விட்டு அதையே செய்து, பிறகு உலர்ந்த தாளால் ஒற்றுங்கள். முகப்பவுடர் போடாதீர்கள், இரண்டு வாரத்தில் களிமண்ணாகும். ஊதுவதற்கு முன் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதே பாதி வைத்தியம்.

கீழ் பி, பி ஃபிளாட் குமிழியிட்டால் முதலில் ஜி ஷார்ப், கீழ் சி ஷார்ப் பேடுகளில் கசிவு இருக்கிறதா என்று ரிப்பேர்காரரிடம் விளக்குச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கசிவில்லாமலும் குமிழியிடும் வாத்தியங்கள் உண்டு. அன்றைய இரவைச் சமாளிக்கப் புனலுக்குள் ஒரு போத்தல் கார்க்கைப் போட்டு விடுவது பழைய தந்திரம். பெரும்பாலும் வேலை செய்யும்.

ரீடில் பூஞ்சை பிடிக்கிறது.

நாதஸ்வரச் சீவாளிக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்ட வேண்டும். மௌத்பீஸிலேயே விட்டு மூடினால் இங்குள்ள ஈரத்தில் சில நாளில் கறுக்கும். கழற்றி, கழுவி, தட்டையான கண்ணாடிமேல் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு பெட்டியில் போடுங்கள். நான்கு ரீடுகளுக்கு எண் எழுதி நாள் மாற்றி வாசித்தால் விருந்தன்று ஒன்று உடைந்தாலும் அதே குணமுள்ள இன்னொன்று கையில் இருக்கும்.

கல்யாண விருந்துகளில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

1994இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் கத்ரி கோபால்நாத் வாசித்த பாடல்களைக் கட்டாயம் கேட்பார்கள். மறுக்காதீர்கள், நன்றாகவே பழகி வையுங்கள். மணமக்கள் உள்ளே வரும் பாட்டின் நீளத்தை முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் நடை எப்போதும் தாமதமாகும், எந்த இடத்திலிருந்து திரும்பிப் போவது என்று குழுவோடு பேசி வையுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்க வேண்டாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் பதினைந்து நிமிடம். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ரீடு பெட்டியைப் போல அத்தியாவசியம்.

கூலி எப்படிப் பேசுவது?

தொகையை மட்டும் பேசாதீர்கள். எத்தனை செட், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், சவுண்ட் செக் எப்போது, சாப்பாடு உண்டா, பெட்ரோலும் டோலும் யார் பொறுப்பு. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரு வழியே சுமார் 350 கிலோமீட்டர், தங்க இடமும் வேண்டும். நேரம் நீண்டால் ஒவ்வொரு அரை மணிக்கும் எவ்வளவு என்பதை முன்பே சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கி, பாதியை முன்பணமாகப் பெற்ற பிறகே தேதியைக் குறியுங்கள். ஸ்டூடியோவில் பாட்டுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்றால் எத்தனை அடுக்கு, எத்தனை திருத்தம் இலவசம் என்றும் கேளுங்கள். விளம்பரத்துக்கு வேறு கணக்கு.

"இதை மலிவா முடிச்சுக் குடுங்க, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்பார்கள். அடுத்தது வந்தாலும் அதே விலைக்குத்தான் வரும்.

நான் வாசித்த பாட்டு வானொலியில் ஓடுகிறது. எனக்கு ஏதாவது வருமா?

1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்கும் உரிமை உண்டு. இயற்றியவர்களுக்கான தொகையை எம்ஏசிபி என்ற அமைப்பு வசூலிக்கிறது, பதிவில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் ஆர்பிஎம் என்ற அமைப்பு. உறுப்பினராகிப் பதிவுகளை அறிவித்தால்தான் கணக்கில் சேரும். ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் பாட்டின் பெயர், தேதி, தயாரிப்பாளர், ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்) ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாட்டையே தூக்கி நிறுத்தும் ஒரு சாக்ஸ் வரியை நீங்கள் உருவாக்கியிருந்தால் இயற்றியவர் பங்கைப் பற்றி வெளியீட்டுக்கு முன் பேசுங்கள். பாட்டு வெற்றி பெற்ற பிறகு அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும்.

வரி கட்ட வேண்டுமா?

வருமானத்தை அறிவிக்க வேண்டும். தொழில் வருமானத்துக்கு பி பாரம், கெடு ஜூன் 30. சம்பளம் மட்டும் உள்ளவர்களின் பிஇ பாரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரீடு, ரிப்பேர், வேலைக்கான பயணம் ஆகியவை செலவு. வாத்தியம் வாங்கியது முதலீட்டுக் கழிவில் போகும். ரசீதுகளை ஏழு ஆண்டு வையுங்கள், வெயிலில் மங்கும் ரசீதைப் படம் எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயருக்கு 60. சுயதொழில் செய்பவருக்கான பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிடைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சென்னையிலிருந்து நண்பர் வருகிறார். என் நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு வாசிக்கலாமா?

சுற்றுலா விசாவில் வாசிக்கக் கூடாது, இலவசமாக வாசித்தாலும் சிக்கல் வரும். வெளிநாட்டுக் கலைஞருக்கு, அவர்கள் நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கும் அரசின் புஸ்பால் குழுவின் அனுமதி வேண்டும். குடிநுழைவுத் துறையின் பாஸ் தனி. விண்ணப்பிப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு, வாரக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

டிரம்பெட்டில் செருகுவதுபோன்ற ஒலியடக்கி (மியூட்) சாக்ஸுக்குப் பயன்படாது. புனலை அடைத்தால் கீழ் ஸ்வரங்கள்தான் கெடும், சத்தம் குறையாது. காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையே ஊதுங்கள், பக்கத்து வீட்டில் இரவு வேலைக்குப் போகிறவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் மௌத்பீஸ் இல்லாமல் விரல் பயிற்சி, வாயால் பாடிப் பார்ப்பது. ஆல்ட்டோ என்றால் பூங்கா ஓரம் நிறுத்திய காரின் பின்னிருக்கையிலும் ஊதலாம், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து. டெனர் காருக்குள் அடங்காது.